அல்சேஷனின் பூர்வீகம் ஆட்டுக்கிடை!

உங்கள் ஊரில் யாராவது ஒருவர் வீட்டில் அல்சேஷன் நாய் இருக்கும். தென்னந்தோப்பின் நுழைவாயிலிலோ கோழிப்பண்ணையின் வாசலிலோ சங்கிலியில் கட்டிப் போட்டிருப்பார்கள். போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குரைத்துவிட்டு, கட்டிய இடத்திலேயே வட்டமடித்து வட்டமடித்துத் தரையில் பள்ளம் பறித்து வைத்திருக்கும். அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரியின் நினைவு வரும். அவர் பெயர் மேக்ஸ் ஃபான் ஸ்டெபானிட்ஸ். நாம் அல்சேஷன் என்று அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தை ஒழுங்குபடுத்தி உலகுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

உழவியல் படித்த ஒருவருக்கு நாயைப் பற்றி எழுத என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த நாயின் கதை உண்மையில் ஓர் உழவியல் கதை. அது உருவானது காவல் நிலையத்தில் அல்ல; வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே, ஆட்டுக்கிடையில்.

உயிருள்ள வேலி

அன்றைய ஜெர்மனியின் பல பகுதிகளில் நிலங்கள் நீளமான பட்டைகளாகப் பிரிந்து கிடந்தன. ஒருவர் பட்டையில் கோதுமை, பக்கத்துப் பட்டை தரிசு, அதற்கடுத்ததில் அறுவடை முடிந்த தாள். நடுவில் வேலி கிடையாது. ஆட்டு மேய்ப்பர் சில நூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து தரிசிலும் தாளிலும் மேய்ப்பார். இரவில் எடுத்து நடக்கூடிய மரத் தட்டிகளைக் கொண்டு வயலிலேயே பட்டி அடைப்பார். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு எரு. மேய்ப்பர் சக்கரம் வைத்த சிறிய மர வண்டிக்குள் படுத்துக்கொள்வார். நம் ஊரில் கீதாரிகள் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

சிக்கல் பகலில்தான். தரிசில் மேயும் ஆடு ஓர் அடி தள்ளி வாய் வைத்தால் பக்கத்துக்காரரின் பயிர் போச்சு. அங்கே இரண்டு நாய்கள் வேலை செய்தன. முதன்மை நாய் ஒரு பக்கம், துணை நாய் மறுபக்கம். பயிருக்கும் மேய்ச்சலுக்கும் இடைப்பட்ட உழவுசாலின் மீது அவை காலையிலிருந்து மாலை வரை முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்கும். பாய்ச்சலில் அல்ல, நிதானமான பெருநடையில். தலையை ஆடுகளின் பக்கம் வைத்துக்கொண்டு, எல்லையைத் தாண்டாமல், ஆட்டையும் தாண்ட விடாமல் காக்கும். அடங்காத ஆடு தாண்டினால் ஒரு கவ்வு. தோலில் காயம் படக் கூடாது. மேய்ப்பர் சத்தம் போடாவிட்டாலும் வேலை நடக்கும். எது எல்லை என்பதை ஒருமுறை காட்டினால் போதும்.

ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியின் பார்டர் கோலி நாயை நீங்கள் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அது பதுங்கிப் பதுங்கி வந்து, கண்ணாலேயே ஆட்டை மிரட்டி, தூரத்து மலையில் சிதறிக் கிடக்கும் மந்தையைத் திரட்டி எசமானிடம் கொண்டுவந்து சேர்க்கும். ஜெர்மன் மேய்ப்பு நாயின் வேலை அதுவல்ல. அது உயிருள்ள வேலி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த இனத்தின் குணத்துக்கான காரணம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

விவசாயி ஆக விரும்பியவர்

ஸ்டெபானிட்ஸ் 1864 டிசம்பர் 30 அன்று டிரெஸ்டன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு விவசாயம் செய்யத்தான் ஆசை என்றும், தாயாரின் விருப்பத்துக்காகவே ராணுவத்தில் சேர்ந்தார் என்றும் அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். குதிரைப்படையில் அதிகாரி ஆனார். பணிக்காலத்தில் பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சில காலம் இருந்தது அவருக்குப் பெரிய வாய்ப்பு. எலும்பு, தசை, மூட்டு, நடை, மரபு என்று அங்கே கற்றதையெல்லாம் பிறகு நாய்களின் மீது பயன்படுத்தினார்.

படைப் பயிற்சிக்காகக் கிராமங்களில் சுற்றும்போது மேய்ப்பர்களின் நாய்களைப் பார்த்தார். பார்த்தார் என்றால் சாதாரணப் பார்வை அல்ல. ஒரு பக்கம் நின்று, எந்த நாய் எப்படித் திரும்புகிறது, எது மாலையிலும் களைக்காமல் நிற்கிறது, எது தேவையில்லாமல் ஆட்டைக் கடிக்கிறது என்று கவனித்தார். அப்போது இந்த நாய்களுக்கு ஒரே உருவம் கிடையாது. துரிங்கியாப் பக்கம் உடல் சிறியது, சுறுசுறுப்பு அதிகம், காது விறைத்து நிற்கும், நிறம் ஓநாய்ச் சாம்பல். வுர்ட்டம்பெர்க் பக்கம் உடல் பெரியது, எலும்பு கனமானது, குணம் அமைதி. நம் பாரம்பரிய நெல் ரகங்களைப் போல, ஊருக்கு ஊர் அந்தந்த நிலத்துக்கும் ஆட்டுக்கும் ஏற்றபடி மேய்ப்பர்களே தேர்ந்தெடுத்து வந்த நாய்கள் அவை. எழுத்தில் எந்தப் பதிவும் இல்லை.

இவற்றை ஓர் இனமாக வளர்க்க 1891-ல் பைலாக்ஸ் என்றொரு சங்கம் தொடங்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் கலைந்தும் போனது. நாய் அழகாக இருந்தால் போதும் என்று ஒரு தரப்பு, வேலை செய்ய வேண்டும் என்று இன்னொரு தரப்பு. இந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

1898-ல் அவருக்குக் கேப்டன் பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் அவர் மணந்துகொண்ட மரீ வாக்னர் ஒரு நாடக நடிகை. அன்றைய ஜெர்மன் அதிகாரிகள் வட்டத்தில் நடிகையை மணப்பது தகுதிக்குக் குறைவு. அதனால் படையை விட்டு விலக நேர்ந்தது. பவேரியாவில் கிராஃப்ராத் என்ற ஊரில் அவருக்குப் பண்ணை இருந்தது. ராணுவம் கைவிட்டது, ஆசைப்பட்ட பண்ணை வாழ்க்கை முப்பத்து நான்காவது வயதில் கைக்கு வந்தது.

கார்ல்ஸ்ரூ கண்காட்சி

1899 ஏப்ரல் 3. கார்ல்ஸ்ரூ நகரில் பெரிய நாய்க் கண்காட்சி. ஸ்டெபானிட்ஸ் தன் நண்பர் ஆர்தர் மேயருடன் போயிருந்தார். அங்கே ஒரு நாய் அவர் கண்ணில் பட்டது. நடுத்தர உயரம், சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், ஓநாயின் சாயல், நேரான முதுகு, தேவைக்கு மேல் ஒரு பிடி சதை இல்லாத உடல். நான்கு வயது. பெயர் ஹெக்டர் லிங்க்ஸ்ரைன். அங்கேயே விலை பேசி வாங்கிவிட்டார். ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று பெயர் மாற்றினார். அந்த மாதம் 22-ஆம் தேதி ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்ச் சங்கம் பிறந்தது. ஸ்டெபானிட்ஸ் தலைவர். சங்கத்தின் பதிவேட்டில் முதல் எண் ஹோராண்டுக்கு.

சங்கத்தை நிறுவியவர்களில் ஆட்டுப் பண்ணை மேய்ப்பர்கள் இருந்தார்கள். ஆலை முதலாளிகளும் விடுதி நடத்துபவரும் அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். பிரபுக்களின் வேட்டை நாய்களுக்கு மட்டும் மரியாதை இருந்த காலத்தில், மேய்ப்பரின் அறிவுக்கும் சங்கத்தில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிராங்க்பர்ட்டில் கூடிய முதல் பொதுக்குழு, மேயரும் ஸ்டெபானிட்ஸும் எழுதிய இன அளவுகோலை ஏற்றுக்கொண்டது. அதன் அடிப்படை எளிமையானது. உழைப்புக்கு உதவாத அழகு அழகே அல்ல. நிறத்துக்காக நல்ல வேலைக்காரனைக் கழிக்கக் கூடாது.

ஹோராண்டின் குணத்தைப் பற்றி அவர் பிற்பாடு தன் நூலில் விரிவாக எழுதினார். குழந்தைகளிடம் அன்பு, எசமானிடம் முழுப் பணிவு, ஆனால் ஒரு நிமிடம் சும்மா இருக்காத துறுதுறுப்பு. சின்ன வயதில் அதற்குச் சரியான வேலையும் பயிற்சியும் கிடைக்காமல் போனதே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. மேய்ப்பு நாயைப் பொறுத்தவரை வேலை என்பது தண்டனை அல்ல, தீனி மாதிரி என்று அவர் கருதினார்.

இந்த இடத்தில் நம் வாசல் நாய்க்கு வருவோம். எல்லையில் நாள் முழுக்க நடப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த உடலை ஆறடிச் சங்கிலியில் கட்டினால் என்ன ஆகும்? அந்தப் பள்ளம்தான் ஆகும். சுற்றிச் சுற்றி நடப்பது, வாலைக் கடிப்பது, காலை நக்கிப் புண்ணாக்குவது, ஓயாமல் குரைப்பது, பழகியவரையே கடிப்பது. வாங்கியவர் நாய்க்கு வெறி என்பார். அது வெறி அல்ல, வேலையின்மை. காலையும் மாலையும் வெயில் இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் வேண்டும். அதைவிட முக்கியம் மூளைக்கு வேலை. தோப்பின் எல்லையை உங்களோடு சுற்றிவரச் செய்யுங்கள். ஒளித்துவைத்த பொருளைத் தேட விடுங்கள். ஆடு மாடுகளைப் பட்டிக்குக் கொண்டுவரும்போது பக்கத்தில் நடத்திப் பழக்குங்கள். இதெல்லாம் முடியாது என்றால் இந்த இனத்தை வாங்காதீர்கள். காவலுக்கு நம் நாட்டு நாயே போதும். நம் வெயிலுக்கும் பழகியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேய்ப்பு நாய் வேறு, மந்தைக் காவல் நாய் வேறு. மேய்ப்பு நாயிடம் இருப்பது ஓநாயின் வேட்டைப் புத்தியில் பாதி: துரத்தும், மடக்கும், கொல்லும் கட்டத்துக்கு முன் நின்றுவிடும். நிற்பது பிறவிக் குணம் மட்டுமல்ல, பயிற்சியும் சேர்ந்தது. பயிற்சியில்லாத அல்சேஷனை ஆட்டுப்பட்டியில் அவிழ்த்துவிட்டால் அது ஆட்டைக் காக்கும் என்று நம்பாதீர்கள். துரத்தித் துரத்திச் சினை ஆட்டைக் கலைத்துவிடும். காவல் நாய் குட்டியிலிருந்தே ஆடுகளோடு படுத்து வளர்வது. அதற்குத் துரத்தும் புத்தி குறைவாக இருக்க வேண்டும். இரவில் நரிக்கும் திருடனுக்கும் காவல் வேண்டும் என்பவர்கள் தேட வேண்டியது அந்தக் குணத்தைத்தான்.

ஆடு குறைந்தது, வேலை மாறியது

ஸ்டெபானிட்ஸ் சங்கம் தொடங்கிய நேரத்தில் ஜெர்மனியில் ஆடுகளே மறைந்துகொண்டிருந்தன. 1873-ல் அங்கே சுமார் இரண்டரைக் கோடி செம்மறிகள். 1900-ல் ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவான கம்பளி கப்பலில் வந்து இறங்கியது ஒரு காரணம். உழவியல் காரணமும் உண்டு. தரிசு விடும் வழக்கம் போய், அந்த நிலத்தில் குளோவர் தீவனமும் உருளைக்கிழங்கும் சர்க்கரைக் கிழங்கும் வந்தன. பொது மேய்ச்சல் நிலங்கள் பங்கு பிரிந்தன. மூட்டை உரம் வந்ததும் கிடை போடச் சொல்லி அழைப்பவர்கள் குறைந்தார்கள். மேய்ச்சல் இல்லை என்றால் மந்தை இல்லை. மந்தை இல்லை என்றால் நாய்க்கு என்ன வேலை?

வேலை போன கால்நடை இனம் எப்படி அழியும் என்பது நமக்குத் தெரியும். டிராக்டர் வந்த பிறகு உழவு மாட்டு இனங்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த தலைமுறை நாம். ஸ்டெபானிட்ஸ் அதை முன்கூட்டியே உணர்ந்தார். கண்காட்சி நாயாக மட்டும் ஆகிவிட்டால் இந்த இனம் சில தலைமுறைகளில் பொம்மையாகிவிடும் என்று பயந்தார். எனவே புது வேலை தேடினார். காவல் துறையை அணுகினார். முதலில் பெரிய வரவேற்பு இல்லை. விடாமல் கீழ்ப்படிதல், மோப்பம், காவல் ஆகியவற்றுக்குத் தேர்வுகள் வகுத்தார். மேய்ப்பு நாய்களுக்குத் தனிப் போட்டிகளும் நடந்தன. எல்லையைக் காக்கும் புத்தி, ஒற்றைச் சொல்லுக்குக் கட்டுப்படுவது, கடித்தாலும் உடனே விடுவது என்று உழவுசாலில் பழகிய அதே குணங்கள்தான் காவல் பணிக்கும் தேவைப்பட்டன. கொஞ்சம் கொஞ்சமாகக் காவலர்கள் வந்து கேட்டு வாங்கினார்கள்.

1914-ல் முதல் உலகப் போர். செய்தி கொண்டுபோகவும், காயம்பட்டுக் கிடப்பவர்களைத் தேடவும், காவல் நிற்கவும் இந்த நாய்கள் போனார்கள் என்றே எழுதத் தோன்றுகிறது, போயின. நச்சுப் புகையில் கண் இழந்து திரும்பிய வீரர்களுக்கு வழிகாட்ட 1916-ல் ஓல்டன்பர்க் நகரில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று உலகெங்கும் உள்ள வழிகாட்டி நாய்ப் பள்ளிகளின் முன்னோடி அது. எதிரணி வீரர்கள் போர்க்களத்தில் இந்த நாய்களைப் பார்த்து வியந்து தங்கள் நாடுகளுக்குக் கொண்டு சென்றார்கள். பிரிட்டனில் ஜெர்மன் என்ற சொல்லே கசந்த காலம். அதனால் பிரான்ஸ் எல்லையில் உள்ள அல்சேஸ் பகுதியின் பெயரைச் சூட்டி அல்சேஷன் என்றார்கள். அங்கே 1977-ல்தான் பழைய பெயர் திரும்பியது. நமக்கு ஆங்கிலேயர் வழியாக வந்ததால், அந்தப் போர்க்காலப் பெயரையே நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நெருங்கிய ரத்தம்

இனத்தை நிலைநிறுத்த ஸ்டெபானிட்ஸ் எடுத்த வழி ஆபத்தானது. ஹோராண்டையும் அதன் மகன் ஹெக்டர் ஃபான் ஸ்வாபென், பேரன்கள் என்று ஒரே வம்சத்தையும் திரும்பத் திரும்ப நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்தார்கள். இன்றைய ஜெர்மன் ஷெப்பர்ட் எதை எடுத்துத் தோண்டினாலும் அடியில் ஹோராண்ட் இருக்கும். பயிர் இனப்பெருக்கத்தில் இதைத் தினமும் பார்க்கிறோம். விரும்பிய பண்பு சீக்கிரம் நிலைப்படும். கூடவே மறைந்திருந்த குறைகளும் வெளியே வரும். நெல்லில் குறையுள்ள வரிசையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த போகத்துக்குப் போகலாம். நாயில் அந்தக் குறை ஒரு வீட்டில் பத்து ஆண்டுகள் வலியோடு வாழும்.

அவருக்கும் இது புரியாமல் இல்லை. ரத்தம் அளவுக்கு மேல் நெருங்குவதைப் பற்றிக் கவலைப்பட்டு, ஆட்டுக்கிடைகளில் வேலை செய்த நாய்களைத் தேடிப் பிடித்து வம்சத்தில் கலக்கச் செய்தார். ஆனால் போருக்குப் பிறகு நிலைமை கைமீறியது. 1923-ல் சங்கத்தில் ஐம்பதாயிரம் உறுப்பினர்கள். வெளிநாட்டு விலை கொழுத்திருந்தது. நாய் வளர்ப்பு பணம் பார்க்கும் தொழிலானது. உயரமான, சதுரமான, பார்வைக்குக் கம்பீரமான நாய்களை உற்பத்தி செய்தார்கள். பல் குறை, கோழைத்தனம், தேவையில்லாத ஆக்ரோஷம் எல்லாம் பெருகின. ஸ்டெபானிட்ஸ் இனப்பெருக்கத்துக்கு முன் ஒவ்வொரு நாயையும் உடலாலும் குணத்தாலும் சோதித்துச் சான்று தரும் முறையைக் கொண்டுவந்தார். 1925 கண்காட்சியில் எல்லோரும் எதிர்பார்த்த உயரமான நாய்களை விட்டுவிட்டு, தாழ்ந்து நீண்ட உடல்வாகு கொண்ட க்ளோடோ ஃபான் பாக்ஸ்பெர்க் என்ற நாய்க்கு முதலிடம் கொடுத்தார். போக்கை ஒரே தீர்ப்பில் திருப்பினார்.

திருப்பியது சரி. ஆனால் அவருக்குப் பின் வந்த கண்காட்சிக்காரர்கள் அந்தத் திசையிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். முதுகு பின்புறம் சரிந்து, பின்னங்கால்கள் மடங்கி, தவழ்வது போல நிற்கும் நாய்களை இன்று கண்காட்சிகளில் பார்க்கலாம். ஹோராண்டின் பழைய புகைப்படத்தைப் பாருங்கள். முதுகு நேராக இருக்கும். பைலாக்ஸ் சங்கத்தைக் கலைத்த அதே சண்டையில் இந்தமுறை அழகுத் தரப்பு ஜெயித்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த வரலாறு உங்கள் பணப்பை சம்பந்தப்பட்டது. இந்த இனத்தில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை அதிகம். மூன்று நான்கு மாதத்தில் அழகாகத் துள்ளும் குட்டி, ஒரு வயதில் எழுந்திருக்கச் சிரமப்படும். தாய் தந்தை இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள். தாயையாவது நேரில் பாருங்கள். பயந்து ஒளிந்தால் அல்லது காரணமின்றிப் பாய்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பயந்த தாயின் குட்டியைப் பயிற்சியால் முழுக்க மாற்ற முடியாது. வாங்கிய குட்டியைக் கொழுகொழுவென்று வளர்க்க ஆசைப்பட வேண்டாம். வேகமாக எடை ஏறினால் மூட்டு கெடும். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் டானிக்கை மருத்துவர் சொல்லாமல் ஊற்றுவதும் எலும்புக்குக் கேடு. ஒரு வயதுக்கு முன் மாடிப்படி ஏற்றி இறக்குவதும் பைக்கின் பின்னால் ஓட விடுவதும் கூடாது.

வளர்ந்த ஆண் நாய் 60 முதல் 65 செ.மீ. உயரம், 30 முதல் 40 கிலோ எடை. பெண் அதைவிடச் சிறிது. ஆழ்ந்த மார்பு என்பதால் வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிர் போகும். தீனியை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், தின்றவுடன் ஓட விடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். உடலில் இரண்டு அடுக்கு முடி. கோடை வந்தால் மொட்டையடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. மொட்டை வேண்டாம், தினமும் சீவிக் கொட்டும் முடியை எடுத்தால் போதும். நிழலும் தண்ணீரும் காற்றும் இருக்கட்டும். தகரக் கொட்டகைக்குள் அடைக்காதீர்கள். உண்ணி நம் ஊரில் பெரிய எதிரி. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வடிந்த பிறகு வந்தால் காப்பாற்றுவது கடினம்.

ஆடு வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியில் மீதமிருப்பதை நாய்க்கும் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. கோலி வகை நாய்களில் பலவற்றுக்கும், சில ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கும் அந்த மருந்து மூளைக்குள் போவதைத் தடுக்கும் மரபணுவில் குறை இருக்கும். தள்ளாடி, மயங்கி, இறந்துகூடப் போகலாம். மருத்துவர் சொல்லும் அளவில்லாமல் தொடாதீர்கள். அதேபோல் ஆடு அறுத்த இடத்தில் ஈரல், நுரையீரல், மூளை இவற்றைப் பச்சையாக நாய்க்கு வீசாதீர்கள். அதிலுள்ள புழுக்கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, முட்டைகள் சாணத்தின் வழியே மேய்ச்சலுக்கும் அங்கிருந்து ஆட்டுக்கும், கை கழுவாத குழந்தைக்கும் போகும். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கும் நாளிலேயே நாய்க்கும் அதற்குரிய மருந்தைக் கொடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டு தவறாமல் வேண்டும்.

கடைசி ஆண்டுகள்

ஸ்டெபானிட்ஸைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைத்தால் அது நேர்மை ஆகாது. அவர் எழுதிய பெரிய நூல் நாய் வளர்ப்பில் இன்றும் முக்கியமானது. அதே நூலில் இனத் தூய்மை பற்றிய பேச்சு நாய்களோடு நிற்காமல் மனிதர்கள் மீதும் படர்ந்தது. யூதர்களைப் பற்றி இழிவான கருத்துகள் அதில் உண்டு. கால்நடை இனப்பெருக்கத்தின் சொற்களை மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்கும் நோய் அன்றைய ஐரோப்பாவில் படித்தவர்களிடம் பரவியிருந்தது. அந்த நோய் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது உங்களுக்குத் தெரியும்.

1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களுக்கு இந்த நாய் மிகவும் பிடித்துப்போனது. ஓநாய்ச் சாயல், ஜெர்மன் என்ற பெயர், பணிவு, ஆக்ரோஷம். ஹிட்லரே இதை வளர்த்தார். நாய்ச் சங்கத்தைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர விரும்பினார்கள். உள்ளேயிருந்த கட்சி உறுப்பினர்கள் தலைவரோடு மோதினார்கள். உழைக்கும் நாயின் தரம் பற்றிய அவரது விதிகள் அவர்களுக்குத் தொந்தரவாக இருந்தன. வதை முகாமுக்கு அனுப்புவோம் என்ற மிரட்டல்வரை போனதாகச் சங்க வரலாறுகள் கூறுகின்றன. 36 ஆண்டுகள் நடத்திய சங்கத்தை 1935-ல் விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று டிரெஸ்டனில் காலமானார். சங்கம் தொடங்கிய அதே தேதி.

அவர் தொடங்கிவைத்த மேய்ப்பு நாய்த் தேர்வு ஜெர்மனியில் இன்னும் நடக்கிறது. இருநூறு ஆடுகளுக்குக் குறையாத மந்தையைப் பட்டியிலிருந்து திறந்துவிடுவார்கள். நாய் சாலையில் வாகனங்கள் வரும் பக்கமாக நின்று மந்தையை ஓரங்கட்ட வேண்டும், பாலத்தில் நெரிசல் வராமல் கடத்த வேண்டும், பிறகு பயிருக்கு நடுவே ஒடுக்கமான பட்டையில் மேய விட வேண்டும். நடுவர்கள் உழவுசாலின் அருகில் நின்று, நாயின் கால் பயிர்ப் பக்கம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சாயங்காலம் மந்தை பட்டிக்குள் போகும்போது நாய் வாசலில் நிற்கும். கடைசி ஆடு உள்ளே போய்த் தட்டியைச் சாத்திய பிறகுதான் அது படுக்கும்.